அளவுகோல் நம் கையில்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஞாயிற்றுக்கிழமைத் தச்சு வட்டத்தின் சார்பில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னாடி பேசினவங்க சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், திருப்பிச் செலுத்துதல் என்று பேசினார்கள். நான் மரவேலை பற்றிப் பேச வந்திருக்கேன். "அது ஆசாரி வேலை ஆச்சே, மகளிர் குழு மேடையில எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். பேசி முடிக்கிறதுக்குள்ள அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

செயலாளர் அக்கா என்னிடம், "வெறும் கையோட வந்து பேசாதே, செஞ்ச சாமானை எடுத்துட்டு வா" என்றார்கள். எடுத்து வந்திருக்கிறோம். இதோ இந்த மேசை மேல் இருப்பதைப் பாருங்கள். ஒரு ஸ்டூல், ஒரு அருவாமனை, ஒரு ரெஹால், ஒரு பல்லாங்குழி, ஒரு நடைவண்டி. கீழே மடக்கி வைத்திருப்பது ஐந்து படிக் கொலுப்படி. எல்லாம் நம்ம பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டைப் பக்கத்துப் பெண்கள் செய்தது. கடையில் விற்கிற மாதிரி வழவழ என்று இருக்காது. ஆனால் ஆடாது. உட்கார்ந்து பார்க்கலாம்.

நாங்கள் ஒன்பது பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம், ஒரு உறுப்பினர் வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறோம். ஓய்வு பெற்ற தச்சர் ஒருவர் கற்றுக் கொடுக்கிறார். ஆசாரி ஐயா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். சம்பளம் வாங்க மாட்டேன் என்றார். காபியும் ரெண்டு பிஸ்கட்டும் மட்டும்தான் அவர் கேட்டது.

முதலில் நம்ம ஊரைப் பற்றி ஒரு செய்தி. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இது தெரியாமல் இருக்கலாம். 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர், இந்தப் பல்லாவரத்தில் சரளை தோண்டிய ஒரு குழியில் ஒரு கல்லை எடுத்தார். அது சாதாரணக் கல் இல்லை. ஒரு மனிதன் தட்டித் தட்டிக் கூராக்கிய கல். கைக்கோடாரி. இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று முதன்முதலில் அடையாளம் கண்டது அதைத்தான். உலகத்தில் பல பேர் பல்லாவரம் என்ற பெயரைப் படித்தது அந்தக் கல்லால்தான். அதே ஆண்டில் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் இதே மாதிரிக் கருவிகளைக் கண்டார்கள். பின்னாளில் சாந்தி பப்பு என்ற பெண் தொல்லியலாளர் தன் குழுவோடு அங்கே பல ஆண்டுகள் தோண்டி ஆராய்ந்தார். அங்கே கிடைத்த மிகப் பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் அவர்கள் அறிவித்தார்கள்.

அந்தக் கைக்கோடாரியால் மரம் வெட்டியிருப்பார்கள், கிழங்கு தோண்டியிருப்பார்கள், தோல் உரித்திருப்பார்கள். அதைப் பிடித்தது ஆண் கையா பெண் கையா என்று அந்தக் கல்லில் எழுதியில்லை. கருவி என்றால் ஆம்பளை சமாச்சாரம் என்று யாராவது சொன்னால், பல்லாவரத்துக்காரிகள் நாம் இந்தக் கல்லை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, ஸ்டூலுக்கு வருகிறேன். நாங்கள் முதலில் செய்தது இதைத்தான்.

எங்களில் ஒரு அக்கா தையல் வேலை செய்கிறார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மெஷின் முன்னாடி உட்காருகிறவர். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்காருவார். அது உயரம் 18 அங்குலம். அக்கா குள்ளம். உட்கார்ந்தால் குதிகால் தரையில் படாது. நுனிக்காலால் பெடலை மிதித்துக்கொண்டு பதினைந்து வருஷம் தைத்திருக்கிறார். ஆசாரி ஐயா அவரை ஒரு படியில் உட்கார வைத்து, பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லி, முழங்கால் மடிப்புக்குப் பின்பக்கமிருந்து தரை வரைக்கும் டேப் பிடித்தார். பதினைந்தரை அங்குலம். "உங்க ஸ்டூல் இவ்வளவுதாம்மா இருக்கணும்" என்றார்.

அப்போது அந்த அக்கா ஒரு வார்த்தை சொன்னார். "ஊருக்கெல்லாம் அளவு எடுத்து ஜாக்கெட் தைக்கிறேன். எனக்கு யாரும் அளவு எடுத்து ஒரு ஸ்டூல் செய்யலையே."

யோசித்துப் பாருங்கள். ஜாக்கெட் அரை அங்குலம் பிடித்தால் திருப்பிக் கொண்டு போய்க் கொடுக்கிறோம். ஆனால் சமையல் மேடை எவ்வளவு உயரம், அலமாரியின் மேல் தட்டு எங்கே, தாழ்ப்பாள் எங்கே என்று யார் முடிவு செய்தார்கள்? வீட்டில் அந்தச் சாமானை அதிகம் புழங்குகிறவள் நாம்தான். அளவு சொன்னது வேற யாரோ. மேல் தட்டில் இருக்கிற பருப்பு டப்பாவை எடுக்க முக்காலி மேல் ஏறி விழுந்தவர்கள் இந்தக் கூடத்திலேயே நாலு பேராவது இருப்பார்கள். கை தூக்குங்கள் பார்க்கலாம். பார்த்தீர்களா, நாலுக்கு மேலேயே!

பதினைந்தரை அங்குல ஸ்டூலைச் செய்து கொடுத்தோம். இடுப்பு வலி போயே போச்சு என்று நான் சொல்ல மாட்டேன். பதினைந்து வருஷத்து வலி ஒரு ஸ்டூலால் போகாது. பாதம் தரையில் ஊன்றுகிறது. அது போதும் என்கிறார் அக்கா.

இனி மரம் எங்கே வாங்குகிறோம் என்று சொல்கிறேன்.

நம்ம ஊரில் வெள்ளிக்கிழமை சந்தை இருக்க, மரத்துக்கு எங்கே போக வேண்டும்? பழைய டிரங்க் ரோட்டில் சந்தைக்குப் போனால் செடி, கோழி, பழைய துணி, பழைய மிக்ஸி எல்லாம் இருக்கும். அதற்கு நடுவில் பழைய கட்டில் கால், உடைந்த நாற்காலி, ஜன்னல் சட்டம் என்று போட்டிருப்பார்கள். உடைந்த நாற்காலி என்று பார்க்காதீர்கள். பழைய தேக்கு என்று பாருங்கள். பல வருஷம் காய்ந்த மரம் அது. இனிமேல் வளையாது, வெடிக்காது. வாங்கும்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. சின்ன ஓட்டையும் அதிலிருந்து மாவு மாதிரித் தூளும் கொட்டினால் வண்டு இருக்கிறது, வேண்டாம். பழைய ஆணி எங்கே இருக்கிறது என்று ஒரு காந்தத்தை வைத்துத் தடவிப் பார்த்து, பிடுங்கிய பிறகுதான் ரம்பம் வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஜாதிக்காய்ப் பெட்டி என்று நம்ம பெரியவர்கள் சொல்லும் பேக்கிங் மரம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு மெஷின் வருகிற பெட்டியும் அடியில் வைக்கிற பலகையும் பழைய சாமான் கடைகளுக்கு வந்துவிடும். லேசான மரம், அறுக்கச் சுலபம், விலையும் குறைவு. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில் ஒரு முத்திரை குத்தியிருக்கும். கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படம், பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்து. எச்.டி. என்று இருந்தால், பூச்சி சாக அந்த மரத்தைச் சூடு பண்ணியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எடுக்கலாம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷப்புகை போட்டிருக்கிறார்கள். அந்தப் பலகையை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். சப்பாத்திக் கட்டைக்கோ குழந்தை சாமானுக்கோ கூடவே கூடாது. அடுப்பெரிக்கவும் கூடாது. முத்திரையே இல்லாத, எண்ணெய்க் கறை படிந்த பலகையும் சமையலறைக்கு வேண்டாம்.

மூன்றாவது, விழுந்த மரம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வார்தா புயல் அடித்தது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். தெருவுக்குத் தெரு மரம் சாய்ந்து கிடந்தது. எத்தனை வேம்பு, எத்தனை பூவரசு விறகாகப் போயிற்று! அடுத்த முறை உங்கள் வீட்டுத் தோட்டத்து மரம் விழுந்தால் அடிமரத்தை மட்டும் அறுவை மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்து வையுங்கள். தெரு மரம் மாநகராட்சியுடையது. கேட்காமல் கை வைக்கக்கூடாது. அறுத்த பச்சைப் பலகையை வெயிலில் போட்டால் வெடித்துவிடும். நிழலில், காற்றோட்டமாக, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் குச்சி வைத்து அடுக்க வேண்டும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பது பழைய கணக்கு.

மரம் அறுத்த பிறகும் மூச்சு விடும் என்பார் ஆசாரி ஐயா. ஐப்பசி மழையில் உங்கள் வீட்டுக் கதவு இறுகிக்கொள்கிறது, சித்திரையில் லூசாகிவிடுகிறது அல்லவா? ஈரக்காற்றைக் குடித்து மரம் அகலவாக்கில் உப்புகிறது, வெயிலில் சுருங்குகிறது. நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. இது தெரிந்தால் மழைக்காலத்தில் இறுகும் கதவை அவசரப்பட்டு இழைக்க மாட்டீர்கள். அப்போது இழைத்தால் கோடையில் இடைவெளி விழும்.

கருவிகளைச் சொல்கிறேன். ஆரம்பிக்க இவ்வளவு போதும். ஒரு கைரம்பம், ஒரு இழைப்புளி, அகலமும் குறுகலுமாக இரண்டு உளி, ஒரு கொட்டாப்புளி, ஒரு மூலைமட்டம், டேப், பென்சில், உளி தீட்ட ஒரு சாணைக்கல், உப்புத்தாள். மின்சார மெஷின் ஒன்றும் எங்களிடம் முதல் வருஷம் கிடையாது.

இதில் பாதிக் கருவி எங்களுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வட்டத்தில் உள்ள ஒரு அம்மாவின் வீட்டுக்காரர் தச்சர். இறந்து சில வருஷம் ஆகிறது. அவருடைய கருவிகள் ஒரு கோணிப்பையில் பரணில் கிடந்தன. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த அம்மா கீழே இறக்கி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, திரும்பக் கட்டி மேலே போட்டுவிடுவார். வாடகை கட்ட முடியாத ஒரு மாதம் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடலாம் என்று பையை இறக்கினார். அன்றைக்குப் பார்த்து எங்கள் வட்டத்துப் பெண் ஒருத்தி குழுச் சந்தா வாங்க அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். "இருங்கம்மா, எடைக்குப் போடாதீங்க" என்று தடுத்துவிட்டாள். வாடகைக்குக் குழுவில் உள்கடன் கொடுத்தோம். பையோடு அம்மாவும் மொட்டை மாடிக்கு வந்தார்.

முதல் நாள் இழைப்புளியைக் கையில் எடுத்துவிட்டு அவர் சொன்னது இது: "இருபத்தஞ்சு வருஷமா இதுக்குப் பொட்டு வெச்சிருக்கேன். ஒரு நாளும் இதைப் பிடிச்சதில்லை. பொம்பளை தொட்டா உளி மழுங்கிடும்னு எங்க மாமியார் சொல்லுவாங்க."

ஆசாரி ஐயா சிரித்துக்கொண்டே, "தொட்டா மழுங்காதும்மா, தீட்டாட்டிதான் மழுங்கும்" என்றார்.

இன்றைக்கு எங்களில் உளி தீட்டுவதில் அந்த அம்மாவுக்கு நிகர் யாரும் இல்லை. அருவாமனையும் அரிவாளும் தீட்டிப் பழகிய கை அல்லவா! மழுங்கின உளிதான் ஆபத்து, கூரான உளி சொன்ன பேச்சு கேட்கும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவர்தான் சொல்லிக் கொடுக்கிறார்.

பலம் வேண்டுமே என்று கேட்பார்கள். உலக்கை பிடித்த பாட்டிகளின் பேத்திகள் நாம். தண்ணி லாரியிலிருந்து குடம் குடமாய் மூன்று மாடி ஏற்றுகிறவர்கள். ரம்பத்துக்குப் பலம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. அழுத்தினால் சிக்கிக்கொள்ளும். நீளமாக, நிதானமாக இழுத்துத் தள்ளினால் அதுவே இறங்கும். நம்ம பக்கத்துக் கர்நாடகத்தில் சென்னப்பட்டணத்தில் மர பொம்மை செய்கிறார்கள். அங்கே கடைசல் மெஷினில் உட்கார்ந்து மரம் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றுகிற பெண்கள் நிறைய பேர். நம்ம திருநெல்வேலிப் பக்கம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானும் அதே மாதிரி கடைந்து அரக்கு ஏற்றுவதுதான். சின்ன வயசில் நாம் அதை வைத்துத்தானே சோறு பொங்கி விளையாடினோம்?

பாதுகாப்பு பற்றி நாலு வார்த்தை. முந்தானையை இடுப்பில் செருக வேண்டும், துப்பட்டாவைக் கழற்றி வைக்க வேண்டும், தலைமுடியை முடிந்துகொள்ள வேண்டும். உளி போகிற பாதையில் இன்னொரு கை இருக்கக்கூடாது. உப்புத்தாள் போடும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். மரத்தூள் நெஞ்சுக்குக் கெடுதல். ஆளிவிதை எண்ணெய் தடவின துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. யாரும் நெருப்பு வைக்காமலே அது தானாகச் சூடாகிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப் போட்டு, தண்ணீரில் நனைத்த பிறகுதான் குப்பைக்கு.

இப்போது மேசையில் உள்ள மற்ற சாமான்கள்.

இந்த அருவாமனையைப் பாருங்கள். கத்தி கொல்லர் செய்தது, பலகை நாங்கள் செய்தது. சமையல் ஆர்டர் எடுக்கும் ஒரு அக்காவுக்காகச் செய்தோம். கல்யாணம் காதுகுத்து என்றால் கிலோ கணக்கில் வெங்காயம் நறுக்க வேண்டும். முட்டி வலியால் தரையில் உட்கார முடியவில்லை. மேசை மேல் வைத்தால் அருவாமனை நகருகிறது, காலால் மிதிக்க வழியில்லை. அதனால் பலகையின் முன்பக்கம் அடியில் ஒரு கட்டையைக் குறுக்காக வைத்துத் திருகாணி போட்டோம். அது மேசை விளிம்பில் உதடு மாதிரி மாட்டிக்கொள்ளும். நறுக்க நறுக்கப் பலகை முன்னால் தள்ளும் அல்லவா, அந்தத் தள்ளலே அதை மேசையோடு இறுக்கிவிடும். கூடவே ஒரு கிளாம்ப். ஆடாது. நாற்காலியில் உட்கார்ந்து நறுக்கலாம்.

இது ரெஹால். எங்கள் வட்டத்து இஸ்லாமியச் சகோதரி செய்தது. குர்ஆன் ஓதும்போது வைத்துக்கொள்ளும் தாங்கி. இதில் கீல் கிடையாது, ஆணி கிடையாது, பசை கிடையாது. ஒரே பலகை. நடுவில் விரல் கோத்த மாதிரி செதுக்கி, இரண்டு முனையிலிருந்தும் கனவாக்கில் பிளந்து நடு வரைக்கும் அறுத்தால், ஒரு பலகை இரண்டாகி ஒன்றுக்குள் ஒன்று சுழலும். இப்படி விரித்தால் பெருக்கல் குறி. மடித்தால் திரும்பவும் பலகை. இரண்டு பலகை உடைந்து, மூன்றாவதில் வந்தது. ரம்ஜானுக்கு முதல் நாள் முடித்தாள். அன்றைக்கு அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கொலுப்படி ஐந்து படி. படிக்குப் படி எட்டு அங்குல உயரம், பத்து அங்குல அகலம். ரீப்பர் கட்டையும் பிளைவுட்டும். நட்டு போல்ட்டு போட்டது, கழற்றினால் கட்டிலுக்கு அடியில் போகும். ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதியிருக்கிறோம், அடுத்த வருஷம் எது எங்கே என்று தேட வேண்டாம். நம்ம வீடுகள் ஒற்றைப் படுக்கையறை வீடுகள். வருஷத்தில் பத்து நாள் நிற்கிற படி மற்ற நாளெல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கக்கூடாது.

பல்லாங்குழியில் வரிசைக்கு ஏழாகப் பதினாலு குழி. பத்தாவது படிக்கும் ஒரு பெண் குழிந்த உளியால் தோண்டியது. எல்லாக் குழியும் ஒரே ஆழம் வர, ஒவ்வொரு குழியிலும் ஒரே அளவு அரிசியை அளந்து போட்டுப் பார்த்தாள். அவளாக யோசித்தது.

நடைவண்டியைப் பற்றி மட்டும் ஜாக்கிரதையாகச் சொல்ல வேண்டும். குழந்தை தானாகப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க ஆரம்பித்த பிறகுதான் இதைக் கொடுக்க வேண்டும். பெயிண்ட் விஷயத்தில் ஈயம் இருக்கக்கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவுக்கு மேல் கூடாது என்ற சட்டம் 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். மீந்துபோன பழைய பெயிண்டைக் குழந்தை சாமானுக்கு அடிக்காதீர்கள். குழந்தை அதை வாயில் வைக்கும். நாங்கள் பெயிண்டே அடிக்கவில்லை, தேன்மெழுகு தேய்த்திருக்கிறோம்.

உடனே ஒரு கேள்வி வரும். "நல்லா இருக்கே, வித்தா என்ன?"

சொந்தக் குழந்தைக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குத் தரச் சான்று கட்டாயம், ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். மத்திய அரசின் கைவினை ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே விற்க நினைக்கிறவர்கள் முதலில் அந்தப் பதிவைச் செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் கண்காட்சியில் ஸ்டால்.

விற்பனை என்றால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நோட்டுப் புத்தகம் எழுதுகிறவர்கள் நாம், கணக்குக்குப் பயப்பட மாட்டோம்.

ஒரு ஸ்டூலுக்குப் பழைய மரம் 180 ரூபாய், பசை, திருகாணி, உப்புத்தாள் 70, மெழுகு எண்ணெய் 30, கருவித் தேய்மானம் 20 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 300. ஆறு மணி நேர வேலை. கடையில் பிளாஸ்டிக் ஸ்டூல் 400 ரூபாய் என்றால் நாமும் 400-க்குக் கொடுத்தால் என்ன மிஞ்சும்? நூறு ரூபாய். ஆறு மணி நேரத்துக்கு நூறு. மணிக்குப் பதினேழு ரூபாய்கூட வரவில்லை. இதை லாபம் என்று சொல்லிக்கொண்டு ஒரு வருஷம் உழைத்தால், நம் கையையே நாம் ஏமாற்றுகிறோம். பொம்பளைங்க கணக்கில் முதலில் விடுபடுவது எப்பவும் நம்ம கூலிதான்.

மணிக்கு 75 ரூபாய் கூலி போட்டால் 450. ஆக ஸ்டூல் விலை 750. இந்த விலைக்கு யார் வாங்குவார்? பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்க வருகிறவர் வாங்க மாட்டார். ஆனால், பிளாஸ்டிக் கம்பெனி செய்ய முடியாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதுதான் அளவு. தைக்கிறவளுக்குப் பதினைந்தரை அங்குலம், முட்டி மடங்காத பாட்டிக்குக் கைப்பிடியோடு பத்தொன்பது அங்குலம். ரெடிமேட் ஜாக்கெட் எவ்வளவு மலிவாக வந்தாலும் அளவு கொடுத்துத் தைக்க நம்ம தையல்காரரிடம் கூட்டம் குறையவில்லையே. அதே வியாபாரம்தான் இது.

கடன் பற்றியும் சொல்லியாக வேண்டும். வங்கி அதிகாரி முன்னால் உட்கார்ந்திருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார். எடுத்த எடுப்பில் மெஷின் வாங்கக் கடன் கேட்காதீர்கள். 40,000 ரூபாய் உள்கடன், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, இருபது மாதம் என்று வைப்போம். முதல் மாதம் அசல் 2,000, வட்டி 400, சேர்த்து 2,400. ஸ்டூலுக்குச் சாமான் செலவு போக நிற்பது 450. ஒரு மாதத்தில் ஆறு ஸ்டூல் விற்றால்தான் தவணையே கட்ட முடியும். அதில் நம்ம கூலி என்று பெரிதாக எதுவும் மிஞ்சாது. மாதம் ஆறு பேர் ஆர்டர் கொடுக்கிறார்கள் என்று நோட்டில் எழுதிக் காட்ட முடிந்த பிறகு மெஷின் வாங்குங்கள். அதுவும் ஆளுக்கு ஒன்று வேண்டாம், கூட்டமைப்புக்கு ஒன்று போதும்.

அந்த நிலைக்கு வந்தவர்களுக்கு வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரலில் நம்ம பக்கத்துக் குன்றத்தூரில்தான் தொடங்கியது. 25 கைத்தொழில்களில் மரவேலையும் ஒன்று. 35 வயது ஆகியிருக்க வேண்டும். 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், வட்டியில் 5 சதவீதம் அரசு ஏற்கும். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். மானியம் கிடைக்கிறதே என்று கடன் வாங்காதீர்கள். ஆர்டர் இருந்தால் வாங்குங்கள்.

கடைசியாக, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒன்பது பேரில் மரவேலையில் சம்பாதிக்கிறவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர், கணவரின் கருவிகளைக் கொண்டு வந்த அந்த அம்மா. தெருவில் யார் வீட்டு நாற்காலி ஆடினாலும், கதவு உராய்ந்தாலும் இப்போது அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். இன்னொருவர் அளவு ஸ்டூலும் கொலுப்படியும் ஆர்டர் எடுக்கிறார். மற்ற ஏழு பேருக்கும் இதில் பத்துப் பைசா வருமானம் இல்லை.

"அப்புறம் எதுக்குடி ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரத்தை வீணாக்குறீங்க?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இதே கேள்வியை மாடியில் கேரம் ஆடும் ஆண்களிடம் யாரும் கேட்பதில்லை. அவர்களுக்குப் பொழுதுபோக்கு என்று ஒரு பெயர் இருக்கிறது. நமக்குப் பொழுது இருந்தால்தானே போக்குவதற்கு! குழுவில் சேர்ந்த நாளிலிருந்து ஊறுகாய், மெழுகுவர்த்தி, சானிடரி நாப்கின், பை தைத்தல் என்று எதைக் கற்றாலும் "எவ்வளவு வரும்?" என்றுதான் முதலில் கேட்டோம். கேட்டதில் தப்பில்லை, நம்ம நிலைமை அப்படி. ஆனால் வாரத்தில் இரண்டு மணி நேரம், யாருக்கும் சோறு போடாமல், யாரும் கூப்பிடாமல், ஒரு மரத்துண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று நான் நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்துகொண்டேன். இழைப்புளியிலிருந்து மரச்சுருள் சுருண்டு சுருண்டு வரும்போது வேறு எதுவும் நினைவுக்கு வராது. அதுவும் ஒரு வருமானம்தான். நோட்டில் எழுத முடியாது, அவ்வளவுதான்.

கூட்டமைப்புக்கு எங்கள் வட்டம் மூன்று வேண்டுகோள் வைக்கிறது.

ஒன்று, ஒரு பொதுக் கருவிப் பெட்டி. ஆளாளுக்கு வாங்க வேண்டாம். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போய், தீட்டித் திருப்பித் தர வேண்டும். கடன் பதிவேட்டை இத்தனை வருஷம் ஒழுங்காக எழுதின நமக்கு இது பெரிய வேலை இல்லை.

இரண்டு, மாதத்தில் ஒரு நாள் பழுது பார்க்கும் நாள். ஆடும் முக்காலி, உடைந்த மணை, கழன்ற கைப்பிடி எதுவானாலும் கொண்டு வாருங்கள். நாங்கள் செய்து தர மாட்டோம். பக்கத்தில் நின்று உங்களையே செய்ய வைப்போம்.

மூன்று, வரும் காலாண்டுக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவிலும் டேப்பை எடுத்து, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை அளந்து, குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். இதற்குப் பணம் ஒன்றும் செலவில்லை. நாளைக்கு யார் ஸ்டூல் செய்தாலும், வாங்கினாலும், மேடை கட்டினாலும், "என் அளவு இது" என்று சொல்ல உங்களிடம் ஒரு எண் இருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் சாமான்களைத் தொட்டுப் பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள். கொலுப்படியை மட்டும் யாரும் பிரித்துவிடாதீர்கள், அது ஒரு அக்காவுக்கு ஆர்டர்.